கால் பலம் போதும், கசிவை அடை!

உன் காலில் பலம் இல்லை என்று யார் சொன்னது?

தெருவில் போகிறவன் சொன்னான். பக்கத்து வீட்டு மாமா சொன்னார். பழைய சைக்கிள் இரண்டைப் பிரித்து, காயலான் கடையில் குழாய் பொறுக்கி, வெல்டு வைத்து நீயே கட்டிய அந்த மூன்று சக்கர வண்டி முதல் மேட்டிலேயே நின்றுபோனது. "மோட்டார வெச்சுட்டுப் போப்பா, இதெல்லாம் மிதிச்சு ஆகற காரியமா?" என்று சிரித்தார்கள். நீயும் நம்பிவிட்டாய். தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, நமக்கு அவ்வளவுதான் என்று வண்டியைச் சுவரோரம் ஒதுக்கிச் சாக்குப் போட்டு மூடிவிட்டாய்.

எடு அந்தச் சாக்கை!

பழியை உன் கால்மேல் போடுவதற்கு முன்னால் கணக்கைப் பார். ஆரோக்கியமான ஒரு சாதாரண ஆளின் கால்கள் ஒரு மணி நேரம் விடாமல் 75 முதல் 100 வாட் வரை தரும். பழைய குண்டு பல்பு ஒன்றை எரிக்கிற சக்தி. இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதே. நீயும் வண்டியும் சேர்ந்து 120 கிலோ என்று வை. ஓரளவு நல்ல டயரில், சமதரையில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சக்கரம் உருள்வதற்கு ஏறக்குறைய 40 வாட் வேண்டும். காற்றைக் கிழித்துக்கொண்டு போக இன்னொரு 25 வாட். ஆக மொத்தம் 65. உன்னிடம் 100 இருக்கிறது. மிச்சமே இருக்கிறது! அப்படியானால் வண்டி ஏன் திணறுகிறது? நீ பெடலில் கொடுப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் கசிகிறது. கசிவதற்குக் காரணம் உன் பிறப்பும் இல்லை, உன் உடம்பும் இல்லை. நீ கட்டிய விதம். கட்டியவன் நீ என்றால் திருத்துகிறவனும் நீதான். தங்கச்சி, பட்டறைப் பக்கம் வராதே என்று உன்னைத் தடுத்தவர்கள் இருப்பார்கள். இது உனக்கும் சேர்த்துத்தான்.

கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று தினம் நூறு தடவை சொல்லச் சொல்கிற புத்தகங்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது. கண்ணாடிக்கு உன் செயின் எங்கே உரசுகிறது என்று தெரியாது. நான் சொல்கிற தன்னம்பிக்கைக்குக் கையில் கிரீஸ் ஒட்டியிருக்கும், சட்டைப் பையில் ஒரு அளவுகோல் இருக்கும். தன்னிடம் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு எங்கே போகிறது என்று தெரிந்தவனை எந்தத் தெருவும் சிரித்து வீழ்த்த முடியாது.

ஸ்காட்லாந்தில் கிரேம் ஓப்ரீ என்று ஒருவர். சைக்கிள் கடை வைத்து நொடித்துப்போனவர். கையில் காசு இல்லை, பின்னால் பெரிய கம்பெனி இல்லை. அவர் குறிவைத்தது சைக்கிள் உலகத்திலேயே கடினமான பந்தயத்தை: வட்டப் பந்தயப் பாதையில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் மிதிக்க முடியும் என்பது. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984-இல் மெக்சிகோவில் 51.151 கிலோமீட்டர் ஓட்டிவைத்த சாதனை ஒன்பது வருடமாக அசையாமல் கிடந்தது. ஓப்ரீ அதை உடைக்கத் தானே ஒரு வண்டி கட்டினார். பெயர் ‘ஓல்டு ஃபெய்த்ஃபுல்’.

அவர் எங்கே கைவைத்தார் பார். இரண்டு பெடலுக்கும் நடுவிலுள்ள அகலத்தைக் குறைத்தால் கால்கள் உடம்புக்கு நேர்கீழே மிதிக்கும் என்று கணித்தார். அந்த ஒடுக்கமான அச்சுக்குப் பேரிங் வேண்டும். வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்கைக் கழற்றிப் போட்டார். அவ்வளவு வேகமாகச் சுற்றுகிற டிரம்மைத் தாங்குகிற பேரிங் தன் காலைத் தாங்காதா என்பது அவர் கணக்கு. முழங்கால் இடிக்கிறதா? வண்டியின் மேல்குழாயே வேண்டாம் என்று எடுத்தெறிந்தார். கைகளை மார்புக்குக் கீழே மடக்கி, காற்றுக்கு முகம் கொடுக்காமல் குனிந்துகொண்டார்.

1993 ஜூலை 16, நார்வேயின் ஹமார் நகரம். அதே வடிவில் பக்குவமாகச் செய்து தரப்பட்ட வேறொரு வண்டியில் ஏறினார். தோற்றார். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதித்தவனுக்கு மறுநாள் மாடிப்படி ஏறுவதே பெரும்பாடு. ஆனால் அவர் மறுநாள் காலையிலேயே வருகிறேன் என்றார். இரவு தசை இறுகிப்போகாமல் இருக்க அடிக்கடி எழுந்து காலை நீட்டவேண்டும். அதற்காக நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார், எழுப்புகிற வேலையை வயிறு பார்த்துக்கொள்ளும் என்று! காலையில் தன் கையால் கட்டிய பழைய வண்டியில் ஏறினார். 51.596 கிலோமீட்டர். மோசரின் சாதனை முடிந்தது. ஆறே நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் அதையும் தாண்டினார்; அடுத்த ஏப்ரலில் ஓப்ரீ 52.713 ஓட்டித் திருப்பி எடுத்துக்கொண்டார்.

துவைக்கும் இயந்திரப் பேரிங் கதையை ஏன்தான் சொன்னேனோ என்று அவரே பிற்பாடு வருந்தினார். பத்திரிகைக்காரர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்களாம். வருத்தம் நியாயமானது. பேரிங்கில் மந்திரம் ஏதும் இல்லை. எது தனக்கு வேண்டும் என்று அவருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் எங்கிருந்து எடுத்தாலும் அது பொருந்தியது. தெரியாதவனுக்கு விலை உயர்ந்த பேரிங்கும் இரும்புக் குண்டுதான்.

சரி, உன் வண்டிக்கு வருவோம். குனிந்து செயினைப் பார்.

முதல் குற்றம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: செயினிலிருந்து இடை அச்சு, அங்கிருந்து இன்னொரு செயின், அங்கிருந்து இன்னொன்று. கிடைத்த பாகங்களை வைத்துக் கட்டும்போது இப்படி நிலை நிலையாக நீள்வது சகஜம். ஒவ்வொரு நிலையும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நிலையிலும் பத்தில் ஒன்று போனால் மூன்று நிலை தாண்டி உன் 100 வாட் 73 ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் மூன்றே சதவீதம் போகும்படி செய்தால் 91 கிடைக்கும். பதினெட்டு வாட்! நீ உடற்பயிற்சி செய்து காலில் பதினெட்டு வாட் ஏற்ற மாதக்கணக்கில் வியர்வை சிந்தவேண்டும். இங்கே ஒரு இடை அச்சைக் கழற்றினாலே ஏறக்குறையப் பாதி வந்துவிடும். எதைச் சேர்க்கலாம் என்று கேட்காதே. எதைக் கழற்றலாம் என்று கேள்.

இந்தக் கேள்வியைக் கடைசிவரை கொண்டுபோனவர்கள் கனடாக்காரர்கள். மனிதன் மிதித்தே பறக்கிற ஹெலிகாப்டருக்கு 1980-இல் சிகோர்ஸ்கி பரிசு அறிவிக்கப்பட்டது. ஒரு நிமிடம் மிதக்கவேண்டும், மூன்று மீட்டர் உயரம் தொடவேண்டும், பத்து மீட்டர் சதுரத்தைவிட்டு நகரக்கூடாது. 33 வருடம் யாராலும் முடியவில்லை. டாட் ரைக்கர்ட்டும் கேமரன் ராபர்ட்சனும் டொராண்டோ பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கட்டிய ‘அட்லஸ்’, 2013 ஜூன் 13 அன்று 64 விநாடி காற்றில் நின்றது. நான்கு பிரம்மாண்டமான சுழலிகள். நடுவில் ஒரு சைக்கிள். சைக்கிளுக்கும் சுழலிகளுக்கும் நடுவில் என்ன இருந்தது தெரியுமா? செயின் வரிசையும் இல்லை, கியர்ப்பெட்டியும் இல்லை. மெல்லிய, உறுதியான கயிறு. சுழலியின் அச்சில் சுற்றிவைத்த கயிற்றைப் பெடல் இழுக்கும். கயிறு அவிழ அவிழச் சுழலி சுற்றும். கயிறு தீர்ந்தால் பறப்பதும் தீர்ந்தது! ஒரு நிமிடத்துக்கு மேல் தங்களுக்குத் தேவையில்லை என்று தெரிந்திருந்ததால் அந்தக் குறையை மனமார ஏற்றுக்கொண்டார்கள். பரிசு இரண்டரை லட்சம் டாலர். பின்னர் 2016-இல் அதே ரைக்கர்ட், அமெரிக்காவின் நெவாடா பாலையில், ‘ஈட்டா’ என்ற மூடிய சைக்கிளில் சமதரைச் சாலையில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் மிதித்தார். மோட்டார் இல்லை. பெட்ரோல் இல்லை. மனிதக் கால்.

இரண்டாவது, பற்சக்கரம். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள், ஏனென்றால் பட்டறையில் இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். முன்னே 44 பல், பின்னே 22 பல் என்றால் விகிதம் இரண்டு. முன்னே 22, பின்னே 11 என்றாலும் விகிதம் இரண்டுதான். விலை குறைவு, எடை குறைவு என்று சின்னதை வாங்கிப் போட்டிருப்பாய். செயினின் ஒவ்வொரு கண்ணியும் பற்சக்கரத்தில் ஏறும்போது ஒரு தடவை மடங்குகிறது, இறங்கும்போது ஒரு தடவை நிமிர்கிறது. 22 பல் சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியும் 16 டிகிரி சொச்சம் மடங்கும். 11 பல் சக்கரத்தில் 33 டிகிரி. மடங்குகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் சிறு முள் தன் கூட்டுக்குள் தேய்கிறது. நீ மிதித்துப் பெற்றது அங்கே சூடாகப் போகிறது. அதோடு விட்டதா? பற்சக்கரம் வட்டமில்லை, பலகோணம். 11 பல்லில் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் நான்கு சதவீதம் ஏறி இறங்கும். 22 பல்லில் ஒரு சதவீதம்தான். பாதத்தில் அந்த ‘கரகர’ நடுக்கம் தெரிகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு.

1999-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்ற பொறியியல் ஆய்வாளரின் குழு சைக்கிள் செயினைச் சோதனை மேசையில் ஓட்டிப் பார்த்தது. எங்கே சூடேறுகிறது என்று அகச்சிவப்புக் கேமராவால் படமும் பிடித்தது. செயின் கடத்திய சக்தி, நல்ல நிலையில் 98.6 சதவீதம், மோசமான நிலையில் 81. ஒரே செயின்தான்! பெரிய பற்சக்கரம் போட்டபோது திறன் கூடியது; செயின் இறுக்கம் கூடியபோதும் கூடியது. எந்த எண்ணெய் போட்டார்கள் என்பது அந்தச் சுத்தமான ஆய்வகத்தில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஆகவே நூறு ரூபாய் எண்ணெயா, ஆயிரம் ரூபாய் எண்ணெயா என்று கவலைப்படாதே. நம் தெருப் புழுதியில் எண்ணெய்க்கு வேறு வேலை இருக்கிறது: மண்ணை உள்ளே விடாமல் காக்கவேண்டும், துருவைத் தள்ளிவைக்கவேண்டும். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடை. பளபளவென்று எண்ணெய் சொட்டச் சொட்ட விட்டால் சாயங்காலத்துக்குள் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

இறுக்கம் கூடினால் திறன் கூடும் என்பதைப் பிடித்துக்கொண்டு சிறிய சக்கரத்துக்கு வக்காலத்து வாங்காதே. ஆய்வக மேசை வளையாது. உன் வண்டியின் சட்டம் வளையும். 170 மில்லிமீட்டர் கிராங்கில் 40 கிலோ அழுத்தம் கொடுத்தால் 44 பல் சக்கரத்தின் செயினில் 76 கிலோ இழுவிசை வரும். 22 பல் என்றால் 153 கிலோ. நீ குறுக்கே வெல்டு வைத்த அந்த ஒற்றைக் குழாயைக் கேள், 153 கிலோவை ஒவ்வொரு மிதிக்கும் தாங்குமா என்று. வளைகிறது; வளைந்தால் சக்கரங்கள் நேர்கோட்டிலிருந்து விலகும்; விலகினால் செயின் கழலும். கழன்ற செயினை மாட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த மாமா சிரித்தார்.

படுத்தாற்போல் உட்கார்ந்து மிதிக்கிற வண்டியாக இருந்தால் செயின் நீளமாக ஓடும். வழியில் அதைத் திருப்ப உருளைகள் போட்டிருப்பாய். எந்தப் பக்கம் போட்டாய்? மேல் செயின் இழுக்கிறது, கீழ் செயின் சும்மா திரும்பி வருகிறது. இழுக்கிற பக்கம் ராஜபாட்டை. அதில் குறுக்கே எவனும் நிற்கக்கூடாது. இழுபக்கச் செயினை உருளை வைத்து 30 டிகிரி திருப்பினால் 76 கிலோவில் ஏறக்குறைய 40 கிலோ அந்த உருளையின் சின்ன அச்சின்மேல் உட்கார்ந்துவிடும். முடிந்தால் இருக்கையின் உயரத்தை மாற்று, பின்னச்சை நகர்த்து, இழுபக்கத்தை நூல் பிடித்தாற்போல் நேராக்கு. தவிர்க்கவே முடியாவிட்டால் பெரிய, பல்லுள்ள உருளை ஒன்றே ஒன்று, மூடிய பேரிங்கோடு. உரசுகிற பிளாஸ்டிக் குழாய், சின்னச் சின்ன உருளைகள் எல்லாம் திரும்பி வருகிற பக்கத்தோடு நிற்கட்டும்.

பேரிங்குகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நல்ல பேரிங் எடுத்துக்கொள்ளும் சக்தி மிகக் குறைவு. கோணலாக மாட்டிய பேரிங்தான் குடிக்கும். ஒரே அச்சின் இரண்டு முனைப் பேரிங்கும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். வெல்டிங் சூடு இரும்பை இழுத்துவிடும் என்பது உனக்குத் தெரியாததா? முதலில் டேக் அடி. அச்சைக் கையால் சுற்றிப் பார். தானாகச் சுற்றினால் எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டு வை. ஹப்பில் கோனை ஆத்திரத்தோடு இறுக்காதே. ஆட்டம் போன இடத்தில் நிறுத்து. செயினுக்குப் பதிலாகச் சுழல்தண்டும் சாய்பல் கியரும் போட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் கும்பிட்டு அனுப்பிவிடு. வீட்டில் கட்டுகிறவனுக்குச் செயின்தான் தோழன்.

செயினில் இல்லாத கசிவு சக்கரத்தில் இருக்கும். மூன்று சக்கர வண்டியில் முன்னிரண்டு சக்கரம் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஒரு சக்கரம் போகிற திசையிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகியிருந்தால், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அந்த டயர் 17 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்கிறது. பதினேழு மீட்டர் தூரம் டயரைத் தரையில் வைத்து இழுத்துப் பார், எவ்வளவு வலிக்கும் என்று! அச்சின் உயரத்தில், ரிம்மின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் இரண்டு சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை டேப் வைத்து அள. இரண்டு அளவும் ஒன்றாகும்வரை விடாதே. அளப்பதற்கு முன்னால் ரிம்மில் பெண்டு எடுத்துக்கொள்.

இப்போது மேட்டுக்கு வருகிறேன். உன் மானம் போன இடம் அதுதானே. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறுகிற ஒரு மேடு. 120 கிலோ. உன் 100 வாட்டில் 95 சக்கரத்துக்கு வந்தாலும் மணிக்கு 5 கிலோமீட்டர்தான் ஏறமுடியும். இது இயற்கை விதி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீ மாட்டியிருப்பது பழைய சைக்கிளின் 44-க்கு 18 விகிதம். 26 அங்குலச் சக்கரத்தில், அந்த வேகத்தில் உன் கால் நிமிடத்துக்குப் பதினாறு, பதினேழு சுற்றுத்தான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் ஒரு மூட்டையைத் தூக்குவது. மனிதக் கால் நிமிடத்துக்கு அறுபது முதல் தொண்ணூறு சுற்றில் சுகமாக வேலை செய்வது. சென்னையில் மீன்பாடி வண்டியில் பாரம் ஏற்றி மிதித்தவர்கள் மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளினார்களே, காலில் பலமில்லாமலா? கியர் இல்லாமல்! பிற்பாடு மோட்டார்சைக்கிள் எஞ்சின் மாட்டிக்கொண்டார்கள்.

முன்னே 22, பின்னே 32 போடு. அதே மேட்டில், அதே 5 கிலோமீட்டரில், கால் நிமிடத்துக்கு 58 சுற்றுச் சுற்றும். சிறிய சக்கரம் கூடாது என்று சற்றுமுன் நீதானே சொன்னாய் என்று கேட்கிறாயா? கேள், அப்படித்தான் கேட்கவேண்டும்! மேட்டுக்கு மட்டும் அது. உராய்வில் இரண்டு மூன்று சதவீதம் கொடுத்துவிட்டு, நிற்கிற வண்டியை ஏறுகிற வண்டியாக்கிக்கொள்கிறாய். சமதரை வந்ததும் பெரிய சக்கரத்துக்கு மாற்று. கொள்கைக்காக மேட்டில் நிற்பவன் பொறியாளன் இல்லை.

கடனிலும் அவமானத்திலும் நிற்கிறேன், எனக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்கிறாயா? பால் மெக்ரெடி என்ற அமெரிக்கர், உறவினர் ஒருவரின் கடனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு, தொழில் நொடித்ததால் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் பாரத்தைத் தலையில் வாங்கிக்கொண்டவர். மிதித்துப் பறக்கும் விமானத்துக்கு 1959-இல் அறிவித்த கிரெமர் பரிசு அப்போது 50,000 பவுண்டாக உயர்ந்து, கேட்பாரின்றிக் கிடந்தது. தன் கடனும் அந்தப் பரிசும் கிட்டத்தட்ட ஒரே தொகை என்று கவனித்தார். மற்றவர்கள் அழகழகாகக் கட்டினார்கள். உடைந்தால் மாதக்கணக்கில் செப்பனிட்டார்கள். இவர் அலுமினியக் குழாயும் கம்பியும் பிளாஸ்டிக் தாளும் வைத்துக் கட்டினார். உடைந்தால் சட்டென்று ஒட்டி மறுபடி பறக்கலாம். 1977 ஆகஸ்ட் 23 அன்று ‘காஸமர் காண்டர்’ பரிசுக்கு வேண்டிய எட்டு வடிவப் பாதையை முடித்தது. இரண்டு வருடம் கழித்து, 1979 ஜூன் 12-இல், பிரையன் ஆலன் என்பவர் மெக்ரெடியின் ‘காஸமர் ஆல்பட்ராஸ்’ விமானத்தை மிதித்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 35.8 கிலோமீட்டர், 2 மணி 49 நிமிடம். குடிதண்ணீர் தீர்ந்தது, எதிர்க்காற்று அடித்தது, கால் பிடித்துக்கொண்டது. போதும் என்று சைகை காட்டி, படகிலிருந்து கயிறு மாட்டுவதற்காக இன்னும் கொஞ்சம் மேலே ஏறினார். மேலே காற்று அமைதியாக இருந்தது! கயிற்றை வேண்டாம் என்று சொல்லி மிதித்துக்கொண்டே பிரான்சுக்குப் போய் இறங்கினார். விமானத்தின் எடை 32 கிலோ. ஆலனும் உன்னைப் போல இரண்டு கால் உள்ளவர்தான்.

மோட்டார் வைப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. வயதானவர் ஏறுகிற வண்டியா, நாள் முழுக்கப் பாரம் இழுக்கிற வண்டியா, தாராளமாக வை. ஆனால் கசிவை அடைத்துவிட்டு வை. உன் காலைக் குடித்த அதே உராய்வு பேட்டரியையும் குடிக்கும். பேட்டரிக்குக் காசு கொடுக்கவேண்டும்.

ஜெயித்தாலும் விடுவார்கள் என்று நினைக்காதே. ஓப்ரீயின் குனிந்த நிலையை 1994-இல் சர்வதேச சைக்கிள் சங்கம் விதி போட்டுத் தடுத்தது. சிசிலியில் உலகப் போட்டியின் நடுவிலேயே தகுதி நீக்கம் செய்தார்கள். அவர் வேறு நிலை கண்டுபிடித்தார். கையை நேரே முன்னே நீட்டி, பறப்பதுபோல் கிடந்து மிதித்தார். 1995-இல் கொலம்பியாவின் பொகோடாவில் உலகச் சாம்பியன். பிறகு அதையும் தடுத்தார்கள்! ஐம்பது வயதை நெருங்கும்போது, வீட்டில் கட்டிய ‘பீஸ்டி’ என்ற வண்டியில் குப்புறப் படுத்து, 2013-இல் நெவாடாவில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினார். தோள் முட்டுக்கொடுக்கச் சமையலறைப் பாத்திரம் ஒன்றை வெட்டிப் பொருத்தியிருந்தார். அவரை எந்த விதியால் நிறுத்துவது?

போதும், பேச்சு. எழுந்திரு. ஸ்பிரிங் தராசு ஒன்று வாங்கு, அல்லது பெட்டி நிறுக்கும் சிறு டிஜிட்டல் தராசு. சமமான சிமெண்டுத் தரையில் வண்டியில் நீ உட்கார்ந்துகொள். நண்பனைத் தராசை மாட்டிச் சீராக மெல்ல இழுக்கச் சொல். 120 கிலோவுக்கு ஒரு கிலோ காட்டினால் உன் சக்கரங்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டு கிலோ காட்டினால் 15 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் மட்டுமே 80 வாட்டை விழுங்குகிறது. காற்றடித்து, சக்கரத்தை நேராக்கி, மறுபடி இழுக்கச் சொல். அடுத்தது செயின். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்து. கிராங்கைத் தரைக்கு இணையாக வைத்துப் பெடலில் 20 கிலோ எடையைத் தொங்கவிடு. விகிதம் இரண்டு, சக்கரத்தின் ஆரம் 330 மில்லிமீட்டர் என்றால், டயரின் விளிம்பில் தராசை மாட்டிச் சக்கரத்தைத் தாங்கிப் பிடித்து மெல்ல நகரவிடும்போது 5.15 கிலோ காட்டவேண்டும். 4.6 காட்டினால் பத்தில் ஒன்று வழியில் போகிறது. ஒவ்வொரு உருளையாகக் கழற்று. ஒவ்வொரு தடவையும் எண்ணைப் பார். எந்த உருளையைக் கழற்றும்போது எண் துள்ளி ஏறுகிறதோ அவன்தான் திருடன். எண்களைத் தேதியோடு பட்டறைச் சுவரில் கரியால் எழுது. பிறகு வண்டியை அந்த மேட்டுக்கே கொண்டுபோ, 22-க்கு 32-இல் போட்டு, மாமா திண்ணையில் உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து.